முதல் பக்கத்தில் என் அக்கா

ஓஸ்லோ,
ஆகஸ்ட் 14

அன்புள்ள குட்வெய்க் அக்காவுக்கு,

எய்லர்ட் எழுதுகிறேன். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருப்பேன், நாலு நாளாக நீ எடுக்கவில்லை. தபால்தலை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று விசாரித்து வாங்கி, பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், அலுவலகத்தில் ஒரு பெண் தன் போனை மேசை நடுவில் வைத்து, "இதப் பாருங்களேன், வடக்க ஒரு கிழவி ஒம்பது பேரப் பாறையில எறக்கிவிட்டுட்டு ஓடியே போயிட்டா!" என்றாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். மூடுபனி. கடல்நாய்ப் பாறை. சிவப்புக் குல்லாய். அக்கா, அது நீ.

"இங்கயே இருங்க. நகராதீங்க. வர்றேன்" என்கிறாய், உன் அரைகுறை ஆங்கிலத்தில். படகைத் திருப்பிப் பனிக்குள் போய்விடுகிறாய். பிறகு, கழுகு பார்க்க உன் படகில் ஏறிய ஒன்பது பேரில் ஒருவரான கிளைவ் என்ற அந்த லண்டன்காரர், ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறவராமே, தன் முகத்தைக் காட்டிக்கொண்டு ஐந்து மணி நேரக் கதையைச் சொல்கிறார். நடுவில் நம்ம ஓட்வார் பெரியவர் துடுப்புப் படகில் வந்து, காபியும் கம்பளியும் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். "எங்களைக் காவல் காக்க ஓர் ஊமைக் கிழவரை அனுப்பினார்கள்" என்கிறார் கிளைவ். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அந்த எண்ணிக்கை, அக்கா! நான் ரொட்டியைக் கடித்தபோது பார்த்தவர்கள் ஒரு கணக்கு, மென்று விழுங்கியபோது வேறு கணக்கு. சாப்பாடு முடிவதற்குள் நம் நாட்டு மக்கள்தொகையைத் தாண்டிவிட்டது. இந்தத் தொழிலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இவ்வளவு வேகத்தைப் பார்த்ததில்லை. "குடிச்சிருப்பா" என்று கீழே ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில்கூட ஆப்பிள் சாறு குடிக்கிறவள் நீ. அது என் அக்கா என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள்தான் சொன்னேன்.

இணையத்தில் கெட்டுப்போன பெயரைச் சரிசெய்து கொடுப்பதுதானே என் பிழைப்பு. மந்திரிகளுக்கும் முதலாளிகளுக்கும் செய்ததை உனக்குச் செய்ய மாட்டேனா? எனக்கு ஒன்றே ஒன்று சொல். அவர்களை விட்டுவிட்டு ஏன் போனாய்? ஒரு வரி போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பூனையைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
எய்லர்ட்


ஸ்கார்வே தீவு,
ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

உன் கடிதம் தபால் படகில் வந்தது. உன் கையெழுத்து இன்னும் கோழிக்கிறுக்கல்தான். நானும் பூனையும் சுகமாக இருக்கிறோம். முழங்கால் மழை வருவதற்கு முன்னால் எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது, அந்த அளவில் உபயோகம்தான். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

போன் வலைக்கொட்டகையில், பழைய வலைகளுக்கு அடியில் கிடக்கிறது. இராப்பகலாக உதறிக்கொண்டே இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் போடுவதற்கு முன் கொஞ்சம் படித்தேன். சிலியிலிருந்து ஒருத்தி, நான் மூழ்கிச் சாகவேண்டும் என்று எழுதியிருந்தாள். வரைபடத்தை எடுத்துச் சிலி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். எவ்வளவு நீளமான நாடு அது! உலகத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி என் சிவப்புக் குல்லாயைத் தெரிந்துவைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை, பிரமிப்பாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பருக்குப் பதிவு செய்திருந்தவர்கள் எல்லாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் கழுகு பார்க்க என் படகில் யாரும் ஏறப்போவதில்லை. குளிர்காலத்துக்கு மீன் ஆலையில் வேலை கேட்டிருக்கிறேன். படகை விற்கிற நிலைமை வந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

ஏன் போனேன் என்று கேட்கிறாய். வேலை இருந்தது, போனேன். முடிந்தது, வந்தேன். கடல்துறை அலுவலகத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்டுக்கொண்டு விஷயத்தை முடித்துவிட்டார்கள், என் உரிமத்துக்கு ஆபத்தில்லை.

நீ ஒன்றும் செய்யவேண்டாம். இங்கே அதற்கும் ஆள் கிளம்பியாகிவிட்டது. கடைக்கார யோர்டிஸ் சனிக்கிழமை ஊர்வேலைக்கு அழைப்பு ஒட்டியிருக்கிறாள். "கோயில் கூரைய எல்லாருமாச் சேந்து மாத்தலியா? படகுத்துறைக்குச் சாயம் அடிக்கலியா? அதே மாதிரி குட்வெய்க் பேருக்கும் சாயம் அடிப்போம்" என்கிறாள். ஆளுக்கொரு நல்ல வார்த்தை எழுதவேண்டுமாம். நான் வெட்கத்தில் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

இந்த விஷயத்தைப் பற்றித் தாளில் மட்டும் எழுது. தாளை அடுப்பில் போடலாம்.

அக்கா


ஓஸ்லோ,
ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும், முக்கியமாக இந்தச் சனிக்கிழமை. யோர்டிஸைத் தடுத்து நிறுத்து!

எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். நல்ல வார்த்தைகள் மெதுவாக, வெவ்வேறு ஊரிலிருந்து, வெவ்வேறு நாளில் வரவேண்டும். ஊரே ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே இணைப்பில் எழுதினால், காசு கொடுத்து எழுதவைத்த கூட்டம் என்று அந்தத் தளமே முத்திரை குத்திவிடும். அதைச் சொல்லி அவளுக்குப் புரியவை. நான் கடைக்குப் போன் செய்தேன், "சாயம் காயிற வரைக்கும் தொடக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் செய்வது வேறு. யாராவது உன் பெயரைத் தேடினால் முதலில் ஒரு பக்கம் வருகிறதல்லவா, அந்தப் பக்கத்தில் நல்ல விஷயங்களாக நிரப்பிக்கொண்டே வருவோம். கெட்டது தானாக இரண்டாம் பக்கம் போகும், மூன்றாம் பக்கம் போகும். அங்கே யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. ஆனால் உன் விஷயம் இவ்வளவு பெரிதான பிறகு, வெறும் நல்ல விஷயங்கள் பற்றாது. காரணம் வேண்டும்.

"வேலை இருந்தது" என்றாயே, என்ன வேலை? உன்னைக் குடிகாரி என்கிறார்கள் அக்கா. நான் அதைத் தினமும் படிக்கிறேன். எனக்குத் தூக்கம் வருவதில்லை.

முழங்காலில் எண்ணெய் தேய்.

எய்லர்ட்


ஸ்கார்வே,
செப்டம்பர் 8

தம்பிக்கு,

உன் கடிதம் ஞாயிறு கழித்துத்தான் வந்தது. சாயம் அடித்து முடிந்துவிட்டது. இங்கே எல்லாரும் சுகம், கொஞ்சம் வெட்கத்தோடு.

நான் போகவில்லை, ஓட்வார் பெரியவர் வந்து சொன்னார். அதாவது நான் கேள்வி கேட்டேன், அவர் "ம்" என்றார். மிச்சத்தை யோர்டிஸ் சொன்னாள். கூடம் நிறைய ஆள். வாஃபிள் சுட்டிருக்கிறார்கள், பழுப்புப் பாலாடைக்கட்டி, காபி எல்லாம் உண்டு. போன் இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடக் கணினி. ஆளாளுக்கு நாள் முழுக்க யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

நம் ஆட்கள் எப்படி எழுதுவார்கள் என்று உனக்கே தெரியும். வாயைத் திறந்து ஒருத்தரைப் புகழ்ந்தால் உடம்பு கூசுமே. பாதிரியார், "படகு மோசமில்லை" என்று எழுதி ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த மீன் ஆலை முதலாளி, பாதிரியாரைவிட அதிகம் போட்டால் அலட்டலாக இருக்கும் என்று அவரும் மூன்று. என் பக்கத்து வீட்டுக்காரி, "நாற்பது வருஷமாகத் தெரியும், பெரிய புகார் ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு, ரொம்பப் புகழ்ந்துவிட்டோமோ என்று கவலைப்பட்டு வீட்டுக்குப் போனாளாம். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் என் மதிப்பு முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருக்கிறது.

அதற்குள் நீ சொன்னபடியே நடந்தது. எழுதியது எல்லாவற்றையும் அந்தத் தளம் அழித்துவிட்டு, "இங்கே பொய்யான மதிப்புரைகள் எழுதப்பட்டன" என்று சிவப்புப் பலகை மாட்டிவிட்டது. யோர்டிஸ் அழுதாள். "வாழ்க்கையில ஒரு பொய் சொன்னதில்ல, ஒரேயொரு தடவ ஊருக்காக உண்மைய எழுதுனேன், பொய்யின்னுட்டானே!" என்று. அவளைத் தேற்றுவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

அவள் எழுதிய ஒன்று மட்டும் எப்படியோ தப்பித்து நிற்கிறது. வீட்டுக்குப் போய்த் தன் போனிலிருந்து எழுதினாளாம். "அவள் போனதற்குக் காரணம் இருந்தது." அவ்வளவுதான். அதையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

குளிர் வருகிறது. கழுத்துத்துணி இல்லாமல் வெளியே போகாதே.

அக்கா


ஓஸ்லோ,
செப்டம்பர் 17

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை எனக்கு. நீ சுகமாகத்தான் இருப்பாய்!

யோர்டிஸ் எழுதிய அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன காரணம்?" என்று தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். படகுகள் எங்கே போகின்றன என்று கடல் வரைபடத்தில் காட்டுகிற தளம் இருக்கிறதே, அதில் ஒருவர் அன்றைய நாளை எடுத்துப் பார்த்திருக்கிறார். எங்கோ தென்கொரியாவில் இருக்கிற ஓர் ஆள், அக்கா. உன் படகு பாறையிலிருந்து நேராக நம் ஊர்த் துறைக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து முழு வேகத்தில் நகரத்துக்கு. நின்ற இடம் ஆஸ்பத்திரித் துறை.

அந்தக் கோட்டைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்ணே தெரியாத அந்தப் பனியில், அந்தப் பாறைகளுக்கு நடுவில், ஒரு வளைவுகூடத் தப்பாமல், நூல் பிடித்த மாதிரி போயிருக்கிறாய். குடித்தவள் ஓட்டுகிற படகா அது?

நீ யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாய். சொல்லக்கூடாதா? இது தங்கம் அக்கா! உன்னைத் திட்டிய சிலிக்காரி உன் படத்தை வீட்டில் மாட்டுவாள். யார் அது? பெயர் மட்டும் சொல். இந்த மாதம் முடிவதற்குள் உன்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள், நான் பொறுப்பு.

உடனே எழுது.

எய்லர்ட்


ஓஸ்லோ,
அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை. உன்னிடமிருந்து பதில் இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். யோர்டிஸ், "வடமேற்குக் காத்து தம்பி, வெள்ளிக்கெழம வரைக்கும் இருக்கும்" என்றாள். அக்காவுக்கு என்ன என்றேன். "மழையும் உண்டு" என்றாள். பாதிரியாரைக் கூப்பிட்டேன். இந்த வருஷம் பனி சீக்கிரம் விழும் என்று நினைக்கிறாராம். மீன் ஆலையில் அலை உயரத்தைச் சொன்னார்கள். ஓட்வார் பெரியவரைக் கூப்பிட்டேன், அவர் "ம்" என்றார். ஊரே எனக்கு வானிலை வாசிக்கிறது.

உங்கள் எல்லாருக்கும் தெரியும், இல்லையா? எழுபது எண்பது பேருக்குத் தெரியும். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு பாதி வார்த்தைகூடச் சிந்தவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றப் பெரிய பெரிய ஆட்கள் எங்களுக்குக் கொட்டிக்கொடுக்கிறார்கள், ஒருவாரம் தாங்குவதில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அக்கா.

ஒன்று சொல்லவேண்டும். தோண்டுகிறவர்கள் நிற்கவில்லை. தீவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்கிறார்கள். நேற்று ஒருவர் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய வகுப்புப் படத்தை எடுத்துப் போட்டு, இவர்களில் ஆகஸ்டுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகாதவர் யார் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு வரியாவது எழுது. பயமாக இருக்கிறது.

எய்லர்ட்


ஸ்கார்வே,
அக்டோபர் 10

தம்பிக்கு,

நான் சுகம். பயப்படாதே.

வகுப்புப் படம் பற்றி நீ எழுதியது வந்த அன்றே போனை வலைக்கு அடியிலிருந்து எடுத்தேன். யோர்டிஸ் பக்கத்தில் உட்கார்ந்து இணையத்தில் எப்படிப் போடுவது என்று காட்டினாள். இப்படி எழுதினேன்: "எனக்குத் தாங்கமுடியாத பல்வலி. பல் பிடுங்க நகரத்துக்குப் போனேன். பாறைமேல் ஒன்பது பேரை இறக்கியிருந்ததை மறந்துவிட்டேன். ஓட்வார் தற்செயலாகப் பார்த்ததால் அவர்களுக்குக் காபியாவது கிடைத்தது. தவறு முழுக்க என்னுடையது. மன்னியுங்கள்."

நீ இதற்குள் பார்த்திருப்பாய். பெரியவருக்குத்தான் வருத்தம். "தற்செயலாவா?" என்றார். அவர் என்னிடம் இந்த மாதத்தில் பேசிய முதல் வார்த்தை அது. நான் கேட்டதற்காகப் பனியில் அவ்வளவு தூரம் துடுப்புப் போட்டவரைத் தற்செயல் என்று எழுதினால் கோபம் வராதா? மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

தோண்டுகிறவர்கள் நின்றுவிட்டார்கள் என்று யோர்டிஸ் சொல்கிறாள். இப்போது பல் படமாகப் போட்டுச் சிரிக்கிறார்களாம்.

ஒரு பிள்ளை சம்பந்தப்பட்ட விஷயம் அது. அதற்குமேல் கேட்காதே. யாராவது உன்னைக் கேட்டால் நீயும் வானிலை பேசு.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. உன் வீட்டில் அடுப்பு இல்லாவிட்டால் எங்காவது கொளுத்து, வீட்டைக் கொளுத்திவிடாதே.

அக்கா


ஓஸ்லோ,
நவம்பர் 21

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? ஆறு வாரமாக நான் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். படகோட்டி ஒருத்தி, ஆட்களைக் கடலில் மறந்துவிட்டேன் என்று தன் கையாலேயே எழுதுவதா? அதைவிடக் குடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நம் அப்பா இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்து யோசித்து உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். நீ பின்னுகிற மாதிரியே சிவப்புக் குல்லாய். வாசலில் நின்றபடியே, "நீங்கதான் குட்வெய்க் அக்காவோட தம்பியா? பேரத் தொடைக்கிற வேல பாக்கிறவரு?" என்றாள்.

"ஆமா, நீ யாரும்மா?"

"ஹால்வோர் மக வில்யா. என் பேர அழுக்காக்கி அவங்க பேரத் தொடைச்சிடுங்க."

உட்காரவைத்துக் கோக்கோ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள். நகரத்துப் பள்ளியில் ஒரு பையனை நம்பியிருக்கிறாள். அவன் அவளுடைய படம் ஒன்றை எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். கோடை முழுக்க அது போன் போனாகச் சுற்றியது. அந்தப் பனிக்காலையில் அவள் துறையிலிருந்து தண்ணீருக்குள் நடந்துபோயிருக்கிறாள். அவள் அப்பா பார்த்து இழுத்துப்போட்டபோது மூச்சு இல்லை. ஹெலிகாப்டர் பனியில் இறங்கமுடியாது. மீட்பு நிலையம் பக்கத்தில் இருந்த வேகப்படகைக் கூப்பிட்டது. அது உன் படகு.

"அப்பா என் நெஞ்ச அமுக்கிக்கிட்டே வந்தாராம். வழியெல்லாம் அக்கா பாடிக்கிட்டே ஓட்டுனாங்களாம். அப்பா கை அந்தத் தாளத்த விட்டுடக்கூடாதுன்னு. தொண்ட கட்டியும் விடலியாம். ஆஸ்பத்திரித் தொற வர்ற வரைக்கும் பாடுனாங்களாம்." இதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். திரும்பி வரமுடியாதபடி பனி இறுகிப்போய் உன்னைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

அக்கா, நான் வரைபடத்தில் பார்த்த அந்தக் கோடு! நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று எழுதினேனே. ஒரு கண் பாறையில், ஒரு கண் கருவியில், வாயில் பாட்டு, பின்னால் ஓர் உயிர். அதைத்தான் நான் தங்கம் என்று விலைபேசினேன். நீ இணையத்தில் எழுதிய அந்தப் பல்வலிக் குறிப்பு என்ன விலை என்று இப்போது தெரிகிறது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் தம்பியாகப் பிறந்ததற்கு நெஞ்சு நிறைந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அவள் முடிவோடு வந்திருக்கிறாள். "போன வாரம் எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. யாரும் எனக்குப் பதிலா முடிவெடுக்க வேண்டாம். அக்கா மீன் ஆலையில தல வெட்டிக்கிட்டு நிக்கிறாங்க, படக விக்கப்போறாங்கன்னு அப்பா சொல்றாரு. நா எழுதுறேன்" என்று நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அருமையாக எழுதியிருக்கிறாள். இதைப் போட்டால் உன் பெயர் ஒரே நாளில் சுத்தமாகிவிடும். என் மேசையில் இருக்கிறது. நீ சொல்லாமல் தொடமாட்டேன்.

எய்லர்ட்


ஸ்கார்வே,
நவம்பர் 30

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், பிறகு அடுப்பில் போட்டேன். நாங்கள் சுகம். பனி ஜன்னல்வரை ஏறியிருக்கிறது.

அந்தப் பிள்ளை உன்னிடம் வந்ததைப் படித்து எனக்கும் அழுகை வந்தது. தைரியசாலி. அவளுக்கு அந்தக் குல்லாயைப் பின்னிக் கொடுத்ததே நான்தான்.

அந்தத் தாளைக் கொளுத்திவிடு. நான் சொன்னதாக அவளிடம் சொல்லாதே, சண்டைக்கு வருவாள்.

நீ போட்டால் என்ன நடக்கும் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு வாரம் அவளுக்காக உலகமே அழும். சிலிக்காரியும் அழுவாள். அழுதவர்கள் எல்லாருமா அதோடு போய்விடுவார்கள்? அது என்ன படம் என்று ஒருத்தன் தேடுவான். கெட்டவன்தான் தேடுவான் என்று நினைக்காதே. பாவம் பார்த்துத் தேடுவார்கள், பிரியத்தில் தேடுவார்கள். கிடைத்துவிடும். இதுவரை ஒரு பள்ளிக்கூடத்தில் சுற்றியது உலகம் முழுக்கச் சுற்றும். அவள் ஒருதடவை தண்ணீரில் இறங்கியவள் தம்பி. இன்னொரு தடவை பனி இல்லாமல் இருக்குமா, நான் பக்கத்தில் இருப்பேனா என்று யாருக்குத் தெரியும்?

பதினெட்டு வயதுப் பெண் தன் பெயரைக் கொடுக்கிறேன் என்றால் இன்னும் அறுபது வருஷத்துக்குக் கொடுக்கிறாள். எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. என் பெயரை யார் உபயோகிக்கப் போகிறார்கள், நானும் தபால்காரரும்தானே?

இன்றைக்கு என்னைத் தேடுகிறவன் மறதிக்காரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறான். அதைத் தாண்டிப்போய் வேறு யாரையும் தேடுவதில்லை. அதனால் அது அங்கேயே இருக்கட்டும். நீ கை வைக்காதே.

கிளைவ் என்னை மன்னித்துவிட்டாராம். பின்னணியில் வயலின் வாசிக்க, மன்னித்து ஒரு படம் போட்டிருக்கிறார். ஜெர்மனியிலிருந்து ஆறு பேர், தங்களையும் பாறையில் மறந்துவிட எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். பைத்தியங்கள். கோடைக்குள் படகை விற்காமல் இருந்தால் பார்க்கலாம். மீன் ஆலை வேலை ஒன்றும் கேவலமில்லை, கைதான் நாறுகிறது.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு உப்புக்கண்ட ஆட்டிறைச்சி அனுப்புகிறேன். பக்கத்து வீட்டாருக்கும் கொடு.

உன் அக்கா


ஓஸ்லோ,
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இறைச்சி வந்தது, தீர்ந்தும் போனது. உடம்பு நன்றாக இருக்கிறது, சட்டைதான் இறுக்கமாகிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஈஸ்டருக்கு வருகிறேன். நானே வந்து எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

வில்யாவின் தாளை அவள் கண்ணெதிரிலேயே கொளுத்தினேன். என்னைக் கோழை என்று திட்டினாள். பிறகு, "அக்கா சொன்னாங்களா?" என்றாள். இந்த வாரம் தெற்கிலிருந்து காற்று என்று சொன்னேன். சிரித்துவிட்டாள். இங்கேயே படிக்கப்போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் சாப்பிடுகிறாள். நிறையச் சாப்பிடுகிறாள் அக்கா.

ஜனவரியில் ஒன்று நடந்தது. உலகம் உன்னை மறக்க ஆரம்பித்தது. நாங்கள் யாரும் கை வைக்காமலேயே உன் பல்வலிக் குறிப்பு இரண்டாம் பக்கம் போய், மூன்றாம் பக்கத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வேறு யாருக்காவது என்றால் நான் கேக் வெட்டியிருப்பேன். ஆனால் அது இறங்க இறங்க, பழைய படகுக் கோடு மேலே வந்தது. கப்பல் விபத்துகளைப் பற்றி எழுதுகிற ஒருவர், ஆஸ்பத்திரித் துறையில் அந்தப் படகு ஏன் நின்றது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கற்ற வித்தை முழுவதையும் இறக்கினேன். எதை எங்கே இணைத்தால் எது மேலே வரும், எந்தச் சொல்லைப் போட்டால் எது முந்தும், எல்லாம். வேடிக்கைச் செய்திகள் எழுதுகிறவர்களுக்கு உன் கதையை நானே சொன்னேன். பல் மருத்துவர்களின் பத்திரிகை ஒன்று உன்னைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருக்கிறது, பல்வலியை அலட்சியம் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று. கெட்ட பெயர்களை அமுக்கிச் சம்பாதித்தவன், முதன்முறையாக ஒரு கெட்ட பெயரைத் தூக்கி நிறுத்தினேன். அதுவும் என் சொந்த அக்காவின் பெயரை. செய்து முடித்துவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வருத்தத்தில் இல்லை.

நேற்று உன் பெயரைத் தேடிப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ஒன்பது பேரைப் பாறையில் மறந்துபோன மறதிக்காரி. ஓர் இடுக்குக்கூட விடாமல் நீயே நிற்கிறாய். இவ்வளவு நல்ல வேலை நான் செய்ததே இல்லை. கப்பல்காரரும் உன்னைப் பற்றி நாலு வரி சிரித்து எழுதிவிட்டு வேறு கப்பலுக்குப் போய்விட்டார்.

பிறகு வில்யா ஹால்வோர்ஸ்டாட்டர் என்று தேடினேன். ஒன்றே ஒன்றுதான் வந்தது. நம் வட்டாரப் பத்திரிகையில் பழைய செய்தி. எட்டு வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கான பனிச்சறுக்கு ஓட்டத்தில் அவள் பதினான்காவதாக வந்திருக்கிறாள்.

பூனைக்கும் ஓட்வார் பெரியவருக்கும் என் அன்பு.

உன் தம்பி,
எய்லர்ட்